யாருக்காக இந்த வடிகட்டி?

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு மலையேறும் டீசல் காரில் இன்ஜின் முக்கி இழுக்கும். புகைக்குழாய் நன்றாகச் சூடேறும். அந்தச் சூட்டிலேயே டி.பி.எஃப். எனப்படும் வடிகட்டியில் படிந்த கரியில் ஒரு பகுதி எரிந்துவிடும். சிக்கல் ஊருக்குள்தான். சந்தைக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் போய்வருகிற சின்ன ஓட்டங்களில் இன்ஜின் சூடாவதற்குள் சாவியைத் திருப்பிவிடுகிறார்கள். கரி சேர்கிறது, டேஷ்போர்டில் விளக்கு எரிகிறது.

வடிகட்டி என்பது ஒரு பீங்கான் கட்டை. உள்ளே நுண்ணிய குழாய்கள், ஒவ்வொன்றும் ஒரு முனையில் அடைபட்டவை. புகை சுவரின் துளைகள் வழியே கசிந்து வெளியேறும், கரி உள்ளேயே தங்கும். நிறைந்ததும் கார் கூடுதல் டீசலைச் செலுத்தி, ஏறக்குறைய 600 டிகிரி வெப்பத்தில் கரியை எரிக்கும். அதற்குக் கால் மணி நேரமாவது வண்டி நிற்காமல் ஓட வேண்டும். ஒவ்வொரு முறையும் பாதியில் அணைத்தால் அந்த டீசல், இன்ஜின் ஆயிலில் போய்க் கலக்கும்.

“கழற்றிவிடுங்கள், புரோகிராமை மாற்றிக்கொள்ளலாம்” என்கிற யோசனை விளக்கு எரிகிற நேரத்தில்தான் வரும். சட்டப்படி அது குற்றம். ஆனால் அதற்கு முன்பே அது அறத்தின் கேள்வி. ஏனென்றால் இந்த வடிகட்டியால் ஓட்டுபவருக்கு ஒரு லாபமும் இல்லை. இழுவை கூடாது, மைலேஜும் கூடாது. பின்னால் நடந்து வருகிறவரின் நுரையீரலுக்காக மட்டுமே அது இருக்கிறது. டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் அறிவித்தது. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.-6 விதி, டீசல் கார் வெளியிடும் துகள்களின் வரம்பைக் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராமிலிருந்து 4.5 ஆகக் குறைத்தது.

பிறருக்காக வடிகட்டுவது இந்த வட்டாரத்துக்குப் பழைய வழக்கம். போளூருக்கு அருகே திருமலையில் சோழ இளவரசி குந்தவை பெயரிலேயே ஒரு ஜினாலயம், அதாவது சமணக் கோயில், உண்டு. பாறையில் செதுக்கிய நேமிநாதர் சுமார் 16 அடி உயரம் நிற்கிறார். சமணர் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிப்பது தம் வயிற்றுக்காக மட்டுமல்ல, நீரில் வாழும் சிற்றுயிர்களுக்காக. துணியை அலசி, அவ்வுயிர்களைத் தண்ணீர் எடுத்த நீர்நிலையிலேயே விடச் சொல்கிறது அவர்கள் நெறி.

நோக்கமில்லாமல் செய்த தீங்கு வினையாகுமா என்று பௌத்தரும் சமணரும் நெடுங்காலம் வாதாடினார்கள். மனத்தின் நோக்கமே வினை என்றார்கள் பௌத்தர்கள். சமணரின் தத்துவார்த்த சூத்திரமோ, கவனமின்மையால் உயிர்க்கு நேரும் கேட்டையே இம்சை என்று வரையறுத்தது. இருபது வருடத்துக்கு முன் கரும்புகை கக்கிய ஜீப்பை ஓட்டியவருக்குப் பௌத்த வாதம் கைகொடுக்கலாம். அவருக்கு அதன் கேடு தெரிந்திருக்காது. தெரிந்தே வடிகட்டியைக் கழற்றுபவரை இரண்டு நெறியும் காப்பாற்றாது.

விளக்கு எரிந்தால் மலையிறங்கி, போளூரோடு நிறுத்தாமல் திருவண்ணாமலை சாலையில் கால் மணி நேரம் சீராக ஓட்டிவிட்டு வாருங்கள். கையேட்டில் சொன்ன, சாம்பல் குறைந்த ஆயிலையே ஊற்றுங்கள். ஆயில் விடும் சாம்பல் எந்தச் சூட்டிலும் எரியாது, பட்டறையில்தான் அகற்ற வேண்டும். ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவர்கள் அடுத்த வண்டியைப் பெட்ரோலில் வாங்குங்கள்.