கே எழுதும் வயது

அழகான கையெழுத்து நல்ல குணத்தின் அடையாளமா? நம் பள்ளிகள் அப்படித்தான் நம்புகின்றன. எழுத்து கோணலாக வந்தால் "அக்கறை இல்லை", "சோம்பேறி" என்கிறோம். இதெல்லாம் கையைப் பற்றிய சொற்கள் இல்லை, ஆளைப் பற்றியவை. கோத்தகிரியில் சாயங்காலம் ஏழெட்டு எல்கேஜி, யூகேஜி பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நாலு கோடு நோட்டில் பெரிய ஏபிசிடி எழுத வைப்பதே பாதி வேலை. ஆறு மணிக்கு அம்மாக்கள் வந்து நோட்டைப் புரட்டும்போது இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும்.

குழந்தையின் கை எதை எப்போது வரையும் என்பதற்கு ஒரு வரிசை உண்டு. வளர்ச்சியைப் பார்க்க குழந்தை மருத்துவர்களே அதைப் பயன்படுத்துகிறார்கள். ஏறக்குறைய 3 வயதில் வட்டத்தைப் பார்த்து வரையும். 4 வயதில் கூட்டல் குறி, நாலரை வாக்கில் சதுரம், 5 வயதில் முக்கோணம். டைமண்ட் வடிவத்துக்கு 6, 7 ஆகிவிடும். நின்ற கோடும் படுத்த கோடும் முதலில் வரும், சாய்கோடு கடைசியில்தான் வரும். எல், எஃப், ஹெச் எல்லாம் நேர்கோடு. கே, எம், வி, டபிள்யூ, எக்ஸ் எல்லாவற்றிலும் சாய்கோடு. வரிசையில் முதலாவதாக நிற்கும் ஏ-வே கிட்டத்தட்ட முக்கோணம்தான். பெரிய எழுத்துகள் ரோமில் கல்லில் வெட்டப்பட்டவை. உளிக்குச் சாய்வு ஒரு பிரச்சனையே இல்லை.

நம்ம ஊர் பேரை இங்கிலீஷில் எழுதினால் முதல் எழுத்தே கே. ஊட்டிப் பிள்ளை கொடுத்து வைத்தது, ஒரு வட்டம் போட்டால் போதும். குன்னூருக்கு முக்கால் வட்டம். இங்கே நாலு வயசுக் கையில் கே-யின் குச்சி ஒரு பக்கம், கை ஒரு பக்கம்.

"வேணும்னே பண்றான் மிஸ்," என்றார் ஒரு அம்மா. அந்த 'வேணும்னே'யில்தான் எல்லாம் இருக்கிறது. முடிந்தும் செய்யாமல் விட்டால்தானே அது வேணும்னே? 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் அடிப்பதோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. ஆனால் அந்தச் சட்டம் சொல்லும் குழந்தைக்கு வயது 6 முதல் 14 வரை. கே எழுதத் திணறும் நாலு வயசு அதற்கும் வெளியே.

அதற்காக அந்த அம்மாவை அறியாதவர் என்று ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை. அவர் தோட்டத்தில் இலை பறிக்கிறார். பேங்க் படிவத்தில் 'பெரிய எழுத்தில் நிரப்பவும்' என்று இருக்கும், கட்டத்துக்கு ஓர் எழுத்து. அதை நிரப்பித் தரச் சொல்லி யாரிடமாவது நின்றவர். ஆதாரில் ஓர் எழுத்து மாறினால் என்ன அலைச்சல் என்று தெரிந்தவர். தெளிவாக எழுதுவது, படிக்கப்போகும் முகம் தெரியாத ஆளுக்கு நாம் செய்யும் கடமை. இதில் அவரும் நானும் ஒரே கட்சி. ஆனால் அந்த நோட்டைப் படிப்பது நாங்கள் இரண்டு பேர்தான். அது கே என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரிகிறது.

இப்போதைக்கு சிலேட்டில் மலை வரையச் சொல்கிறேன். ஏறும் கோடு, இறங்கும் கோடு. டிசம்பர், ஜனவரியில் விரல் விறைத்துவிடும், முதல் பத்து நிமிஷம் கையைத் தேய்த்துச் சூடேற்றுவதிலேயே போகும்.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "சரி மிஸ். ஆனா ஸ்கூல்ல ஸ்டார் போட மாட்டாங்களே?"

"போட மாட்டாங்கக்கா," என்றேன்.