ஆற்றை நிறுத்தாத ஈசன்

திருச்சி மலைக்கோட்டையின் 417 படிகளையும் உச்சிப்பிள்ளையாருக்காக ஏறுகிறவர்கள், தாயுமானவர் சன்னதிக்கு மேலே வழியில் இருக்கும் குடைவரையைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்தது அது. உள்ளே கங்காதரர் நிற்கிறார். சடையின் ஒரு கற்றையைக் கையில் நீட்டிப் பிடித்து, இறங்கிவரும் கங்கையை அதில் ஏந்துகிறார். பக்கத்துத் தூண்களில் வடமொழிக் கல்வெட்டு. தரையில் ஒரு கோயிலுக்குள் இருந்துகொண்டு சோழநாட்டையும் காவிரியையும் எப்படிப் பார்ப்பது என்று சிவன் கேட்டதாகவும், அதற்காகவே மலைமேல் இடம் அமைத்ததாகவும் அரசன் சொல்கிறான். சிவன் காவிரியிடம் மனதைப் பறிகொடுத்துவிடுவாரோ என்ற அச்சத்தில், பார்வதியும் பிறந்த வீட்டை விட்டு இங்கேயே வந்து தங்கிவிட்டாளாம்.

உச்சியில் நின்றால் அந்த ஆசையில் நியாயம் இருப்பது தெரியும். வடக்கே காவிரி, அதைத் தாண்டி 236 அடி உயர ராஜகோபுரத்தோடு ஸ்ரீரங்கம், அப்பால் கொள்ளிடம். காலடியில் தெப்பக்குளமும் லூர்து அன்னை ஆலயத்தின் கூரிய கோபுரமும்.

இத்தனை ஆசையோடு பார்த்த அதே ஆறுதான், சிவனுக்குத் தாயுமானவர் என்று பெயர் வரக் காரணமான ரத்னாவதியின் கதையில் குறுக்கே நிற்கிறது. அவளுக்கு இடுப்பு வலி கண்டுவிட்டது. பூம்புகாரிலிருந்து புறப்பட்ட தாய், வெள்ளத்தால் அக்கரையிலேயே நின்றுவிடுகிறாள். சிவன் அந்தத் தாயின் உருவிலேயே வந்து பிரசவம் பார்க்கிறார். வெள்ளம் வடிந்து உண்மையான தாய் வாசலில் நிற்கும்போதுதான், வந்திருந்தது யார் என்று மகளுக்குத் தெரிகிறது.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் பிரசவ வார்டில் நர்ஸாக வேலை பார்த்தவள். இந்தக் கதையைச் சின்ன வயதில் கேட்டதற்கும் வார்டுக்குப் போன பிறகு கேட்டதற்கும் நிறைய வித்தியாசம். வலி முற்றும்போது புருஷன் பெயரைச் சொல்லிக் கத்துகிறவர்கள் குறைவு, அம்மாவைக் கூப்பிடாதவர்களே இல்லை. அம்மா செத்துப் போனவர்களும் அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். தாயுமானவருக்கு வாழைத்தார் நேர்ந்துகொண்டு வந்தவர்களை வாரம் தவறாமல் பார்த்திருக்கிறேன். “சாமி பாத்துக்கும்ல சிஸ்டர்?” என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். “பாத்துக்கும்மா, நீ மூச்சை இழுத்து விடு” என்பேன்.

சாமி பார்த்துக்கொள்ளாத ராத்திரிகளும் உண்டு. ரத்தப்போக்கு நிற்காமல், இருபது வயதுப் பெண்ணொருத்தி கண் முன்னால் வெளுத்துக்கொண்டே போவாள். வெளியே அவளுடைய அம்மா வாழைத்தாருக்குச் சொல்லி வைத்திருப்பாள். விடிந்ததும் அந்தத் தாயிடம் “எல்லாம் கர்மவினை” என்று சொன்னவர்களை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடிந்ததில்லை.

அப்படி ஒரு காலகட்டத்தில்தான் இந்தக் கதையில் நடக்காத ஒன்று எனக்கு உறைத்தது. கங்கையையே ஒரு கற்றை முடியில் ஏந்தியவர், காவிரியைக் கொஞ்சம் விலகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மழை பெய்தால் ஆறு பெருகும், பெருகினால் படகு போகாது. அதில் அவர் கை வைக்கவில்லை. இறங்கி வந்து, வெந்நீர் வைத்து, பிள்ளையைக் கையில் ஏந்தினார். கோயிலில் இன்றும் ‘செட்டிப்பெண் மருத்துவம்’ என்று விழா எடுக்கிறார்களே, அந்தப் பெயரில் இருப்பதும் மருத்துவம்தான்.

சித்தாந்தம் படித்த பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் ஒப்பவில்லை. இறைவனுடைய எண்குணங்களில் பேரருள் உடைமையும் உண்டு, முடிவில் ஆற்றல் உடைமையும் உண்டு, ஒன்றைக் குறைத்து இன்னொன்றைக் கூட்ட முடியாதம்மா என்றார். படித்தவர், அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் முடிவில்லாத ஆற்றலை வைத்துக்கொண்டு அந்த இருபது வயதுப் பெண்ணைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒருவரை என்னால் கும்பிட முடியாது. எங்களோடு அந்தக் கட்டிலருகே நின்று, நாங்கள் செய்ததையெல்லாம் தானும் செய்து, அவள் போனபோது எங்களோடு சேர்ந்து தோற்றவர் என்றால் கும்பிடுவேன். அப்படித்தான் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.