ஐந்தாம் குருவியும் வீட்டுப் பூனையும்

"பூனைக்குக் காசு குடுத்துத் தீனி வாங்குதது பாவமா, சாமி?"

கடியப்பட்டணத்தில் ஒரு மாலைப் பொழுதில் மூதாட்டி ஒருவர் இப்படிக் கேட்டார். ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்கப்பட்ட கேள்வி அன்று இது. கோவில் முற்றத்தில், நாலு பேர் காதில் விழக் கேட்கப்பட்டது. ஆகவே இதைப் பற்றி எழுதத் தடையில்லை.

அவர் வீட்டில் பேத்தி ஒரு பூனை வளர்க்கிறாள். முன்பு வளர்த்த இரண்டு பூனைகள் சாலையில் வண்டியில் அடிபட்டு மாண்டன. அதன்பின் வந்த இந்தப் பூனையை வெளியே விடுவதில்லை. வளைகுடாவில் மீன்பிடி வேலைக்குச் சென்ற மகன் அனுப்பும் பணத்தில்தான் குடும்பம் நடக்கிறது. அந்தப் பணத்திலிருந்து பூனைக்குப் பாக்கெட்டுத் தீனி வாங்கியதைக் கண்ட பக்கத்து வீட்டுப் பெண்மணி, "மனுசருக்கே வழியில்ல, பூனைக்கு முந்நூறு ரூபாயா?" என்று சொல்லிவிட்டார். அச்சொல் மூதாட்டியின் நெஞ்சில் தைத்துவிட்டது.

நான் முதலில் சிரித்தேன். "இதெல்லாம் ஒரு பாவமா அம்மா?" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்றிரவு அந்தச் சிரிப்பு என்னை உறுத்தியது. ஓர் ஏழை தம் செலவைப் பற்றி மனச்சான்றோடு கேட்கும் கேள்வியைச் சிரித்துத் தள்ள எனக்கு உரிமை ஏது? செல்வர் எவரும் தம் செலவைப் பற்றி இதுவரை என்னிடம் இப்படி வந்து கேட்டதில்லை.

கேள்வியை முறையாக எண்ணிப் பார்ப்போம். முட்டத்துக்கும் மணவாளக்குறிச்சிக்கும் இடைப்பட்ட இந்தக் கரையில், பூனைக்குத் தீனி வாங்குவது என்ற பேச்சே ஒரு காலத்தில் இருந்ததில்லை. வள்ளம் கரையேறும்போது பூனைகளும் வந்து சேரும். ஏலம் முடிந்த மணலில் சிதறிய சாளையும், பெண்கள் மீன் கழுவும் இடத்தில் விழும் தலையும் குடலும் அவற்றுக்குப் போதும். மீதிக்கு எலி, ஓணான், தட்டான். பூனை யாருக்கும் சொந்தமில்லை, எல்லாருக்கும் சொந்தம். கடல் பொங்கும் ஆனி, ஆடி மாதங்களில் மனிதர் வயிறு வாடியது போலவே அதன் வயிறும் வாடியது. அந்தப் பூனைக்கு நாம் பெரிதாக எந்தக் கடனும் பட்டிருக்கவில்லை. ஏனெனில், அதன் விடுதலை அதனிடமே இருந்தது.

கதவைச் சாத்தியபோதுதான் கடன் பிறந்தது. தன் இரையைத் தானே தேடும் ஓர் உயிரின் வழியை அடைத்தவர், அது தேடியிருக்கக்கூடியதைத் தேடித் தரக் கடமைப்பட்டவர் ஆகிறார். அதன் நன்மைக்காகவே அடைத்தோம் என்பது உண்மையாயினும் கடன் குறைவதில்லை. ஆதலால், "பூனைக்குச் செலவு செய்யலாமா?" என்ற வினா சற்றுக் காலம் கடந்த வினா. அதை வீட்டுக்குள் எடுக்கும் முன்பே கேட்டிருக்க வேண்டும். எடுத்த பின்பு கேட்க வேண்டியது, "எது போதும்?" என்பதே.

எது போதும் என்பதில் நம் இல்லங்களில் தவறான எண்ணங்கள் பல உண்டு. மீன்கறி பிசைந்த சோறு போதும் என்கிறோம். ஆனால் பூனை முழு ஊனுண்ணி. மனிதரும் நாயும் வேறு உணவிலிருந்து தம் உடலுக்குள்ளேயே உண்டாக்கிக்கொள்ளும் சில சத்துகளைப் பூனையால் உண்டாக்க முடியாது. டாரின் என்பது அவற்றுள் ஒன்று. அது குறைந்தால் பூனையின் கண் மங்கும். இதயத்தசை தளர்ந்து வீங்கும். 1987இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இந்த இதய நோய்க்கும் டாரின் குறைவுக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்தனர். அன்று கடைகளில் விற்ற தீனிகள் சிலவற்றிலேயே அது போதுமான அளவில் இல்லை என்பதும் தெரியவந்தது. அதன் பின்னரே நிறுவனங்கள் அதைக் கூட்டிச் சேர்த்தன. நாய்க்கான தீனியைப் பூனைக்கு வைக்கலாகாது என்பதற்கும் இதுவே முதற்காரணம்.

பச்சை மீனை மட்டும் நாள்தோறும் கொடுப்பதும் நன்றன்று. சாளை போன்ற சில மீன்களில் உள்ள ஒரு நொதி, தயமின் என்னும் வைட்டமின் பி1ஐச் சிதைக்கும். வேகவைத்தால் அந்நொதி அழியும். கருவாட்டின் உப்பு பூனைக்கு ஆகாது. கறியிலுள்ள வெங்காயமும் பூண்டும் அதன் இரத்தச் சிவப்பணுக்களைக் கெடுக்கும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலும் செரிப்பதில்லை. அன்பினால் கொடுத்தோம் என்பது இவற்றின் தீங்கைக் குறைப்பதில்லை. அறிவில்லாத அன்பு பிள்ளைகளைக் கெடுப்பதை அறிவோம். பூனையையும் அது கெடுக்கும்.

உலர்தீனியை எப்படித் தேர்வது? பாக்கெட்டின் முன்பக்கம் விளம்பரக்காரர் எழுதியது. பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். பூனைக்குரிய முழுமையான, சமச்சீரான உணவு என்ற குறிப்பு அங்கு இருக்க வேண்டும். இடையிடையே கொடுக்கும் தின்பண்டம் உணவாகாது. சேர்மானப் பட்டியலில் எடை மிகுந்தது முதலில் வரும் என்பது பல நாடுகளின் வழக்கம். முதலிடத்தில் கோழி, மீன், அல்லது அவற்றின் தூள் இருந்தால் நன்று. சோளமும் கோதுமையும் முன்னே நின்றால், தானியத்துக்கு இறைச்சியின் விலை கொடுக்கிறோம் என்று பொருள். "மீன் சுவை" என்ற சொல்லால் மட்டும் உள்ளே மீன் மிகுதி என்று கொள்ளலாகாது.

புரதத்தின் அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவின் தீவன அலுவலர் சங்கம் வகுத்த அளவுப்படி, ஈரம் நீக்கிய எடையில் வளர்ந்த பூனைக்குக் குறைந்தது 26 விழுக்காடும், குட்டிக்கும் சினைப்பூனைக்கும் 30 விழுக்காடும் புரதம் வேண்டும். டாரின் சேர்க்கப்பட்டது பட்டியலில் இருக்க வேண்டும். சிவப்பும் பச்சையுமாக, மீன் வடிவிலும் காய் வடிவிலும் வரும் துணுக்குகள் நம் கண்ணுக்காகச் செய்யப்பட்டவை. பூனைக்கு இனிப்பை உணரும் திறனே இல்லை என்பதற்கான மரபணுக் காரணம் 2005இல் கண்டறியப்பட்டது. அது கேட்காத அழகுக்கு நாம் பணம் தர வேண்டியதில்லை.

இனி விலை. கிலோ விலையைப் பார்ப்பது நம் வழக்கம். நாள் விலையைப் பார்ப்பதே சரி. நான்கு கிலோ எடையுள்ள வீட்டுப் பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 230 கிலோ கலோரி தேவை என்று கொள்வோம். கிலோ 300 ரூபாய்க்கு விற்கும் ஒரு தீனியில் கிலோவுக்கு 3,300 கிலோ கலோரி இருந்தால், நாளைக்கு 70 கிராம், அதாவது 21 ரூபாய். கிலோ 400 ரூபாய்த் தீனியில் 4,000 கிலோ கலோரி இருந்தால், 58 கிராம், 23 ரூபாய். கடையில் 100 ரூபாயாகத் தெரிந்த வேற்றுமை வீட்டில் 2 ரூபாயாகச் சுருங்கிவிடுகிறது. ஆயின், கிலோ 1,200 ரூபாய்த் தீனி அதே 4,000 கிலோ கலோரியே தருமானால், நாளைக்குச் சுமார் 70 ரூபாய் ஆகும். நலமாயிருக்கும் பூனைக்கு அது தேவையில்லை. மருத்துவர் சொல்லும் நோய்க்கால உணவு வேறு செய்தி.

பெரிய மூட்டை வாங்கினால் கிலோ விலை குறையும். ஆனால் ஒரு பூனை ஒரு கிலோவைத் தின்று முடிக்க இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். நம் உப்புக்காற்றில் திறந்து வைத்த தீனியின் கொழுப்பு காறிப்போகும். ஈரம் பட்டால் பூசணம் பிடிக்கும். பூசண நஞ்சு ஈரலைத் தாக்கும். திறந்த மூட்டையிலிருந்து நிறுத்துக் கொடுப்பதை வாங்காமலிருப்பது நலம். அதில் நாளும் தெரியாது, பட்டியலும் தெரியாது. பூனை வளர்க்கும் மூன்று வீட்டார் சேர்ந்து புதிய மூட்டை ஒன்றை வாங்கி, அன்றே பிரித்து, காற்றுப் புகாத டின்களில் வைத்துக்கொள்ளலாம். கிடைத்த மீனைப் பங்கு வைத்துப் பழகிய கடற்கரைக்கு இது புதிதன்று.

தீனியைக் கிண்ணம் நிறையக் கொட்டி வைக்காமல் அளந்து வைக்க வேண்டும். உள்ளே அடைபட்ட பூனை சோம்பித் தின்று பருக்கும். உலர்தீனியில் நீர் பத்தில் ஒரு பங்குதான் என்பதால், தண்ணீரை இரண்டு மூன்று இடங்களில் வைக்க வேண்டும். கடுவன் பூனை சிறுநீர் கழிக்க முடியாமல் முக்குவதைக் கண்டால் மறுநாளுக்குத் தள்ளாமல் கால்நடை மருத்துவரிடம் எடுத்துச் செல்ல வேண்டும். அடைப்பு ஓரிரு நாளில் உயிரைப் போக்கிவிடும். கரையில் மலிவாக மீன் கிடைக்கும் நாளில், உப்பில்லாமல் வேகவைத்து, முள் நீக்கி, சிறிது கொடுப்பதில் தவறில்லை.

இவ்வளவும் சிக்கனம் பற்றிய செய்தி. ஆனால் பக்கத்து வீட்டுப் பெண்மணியின் சொல்லுக்கு இது விடையாகாது.

ஏழைகளின் பெயரால் கேட்கப்படும் கேள்விகள் எல்லாம் ஏழைகளின் கேள்விகள் அல்ல. முந்நூறு தெனாரியத் தைலத்தை ஏன் விற்று ஏழைகளுக்குக் கொடுக்கவில்லை என்று கேட்ட யூதாசுக்கு ஏழைகள்மேல் கவலை இருந்ததில்லை என்று யோவான் எழுதுகிறார். பிறர் செலவைக் குறைசொல்ல நமக்கு அந்த நற்செய்திப் பகுதி ஓர் எச்சரிக்கை. எனினும், நம் பெண்மணி யூதாசு அல்லர். அவர் தூத்தூர்ப் பக்கத்திலிருந்து இங்கு வாழ வந்தவர். 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலில் உடன்பிறந்த தம்பியைக் கடலுக்குக் கொடுத்தவர். மனிதருக்கு வழியில்லை என்று அவர் சொன்னது ஏட்டறிவு அன்று. ஒரு கிண்ணத்தில் தீனி நிறைவதைக் காணும்போது, நிறையாமற்போன வேறு கிண்ணங்கள் அவர் கண்முன் வந்திருக்கும். அந்தச் சொல்லைப் பொறாமை என்று தள்ளினால் நாம் கேட்க வேண்டியதைக் கேட்காதவர்கள் ஆவோம்.

1992இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதைப் பற்றி 2418ஆம் எண்ணில் பேசுகிறது. காரணமின்றி விலங்கைத் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கு முரண் என்கிறது. மனிதத் துயர் நீக்கச் செல்ல வேண்டிய பணத்தை விலங்குக்குச் செலவிடுவதும் தகாது என்கிறது. இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்றைப் பிடித்து மற்றதை விடுவது எளிது. இரண்டையும் சேர்த்துப் பிடிக்க அளவு என்ற ஒன்று வேண்டும். நாளைக்கு 21 ரூபாயில் கடன் தீருமென்றால், 70 ரூபாய்ச் செலவில் மீதி 49 ரூபாய் யாருடையது? அதைப் பூனை கேட்கவில்லை. நம் பெருமை கேட்கிறது. அல்லது நம் தனிமை கேட்கிறது. அந்த 49 ரூபாயைப் பற்றித்தான் மறைக்கல்வி நம்மிடம் கேட்கிறது என்று எண்ணுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏழைக்கு அன்பு செலுத்த உரிமை இல்லை என்று நினைப்பதும் ஒருவகைக் கொடுமையே. நாத்தான் தாவீதிடம் சொன்ன கதையில் வரும் ஏழைக்கு ஓர் ஆட்டுக்குட்டிதான் இருந்தது. தன் உணவிலிருந்து அதற்கு ஊட்டினான். அது அவனுக்கு மகள் போல் இருந்தது. வறியவனுக்கு இந்தச் செலவு எதற்கு என்று நாத்தான் கேட்கவில்லை. அந்த ஒன்றையும் பறித்த செல்வனைத்தான் கதை குற்றவாளியாக்குகிறது.

மறு வாரம் மூதாட்டியைத் தேடிச் சென்று, முதல் நாள் சிரித்ததற்கு வருத்தம் தெரிவித்தேன். கணக்கைச் சொன்னேன். அவர் எழுத்தறியாதவர், மீன் விற்று வாழ்ந்த கை விரல்களில் என்னைவிட விரைவாகக் கணக்கிட்டார். "அப்ப நடுவுல உள்ளது போதும்" என்றார். பின்பு, "அவ சொன்னதும் சரிதானே, சாமி" என்றார். நான் மறுக்கவில்லை. மகன் பணம் அனுப்பும் மாதங்களில் அவர் பக்கத்து வீட்டுக்கு ஒரு பங்கு மீன் கொடுத்தனுப்புகிறார் என்பதைப் பின்னர் அறிந்தேன். இருவருக்கும் இடையே பேச்சு திரும்பியிருக்கிறது. பூனையைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை நான் கேட்கவில்லை.

மத்தேயு நற்செய்தியில் ஒரு காசுக்கு இரண்டு குருவிகள். லூக்கா நற்செய்தியில் இரண்டு காசுக்கு ஐந்து. கணக்குப்படி நான்குதான் வர வேண்டும். ஐந்தாவது, வாங்குபவருக்குக் கொசுறாகப் போடப்பட்டது. சந்தையில் விலையே இல்லாத அந்த ஐந்தாம் குருவியையும் கடவுள் மறப்பதில்லை என்கிறார் ஆண்டவர். அதே மூச்சில், குருவிகள் பலவற்றைவிட நீங்கள் மேலானவர்கள் என்றும் சொல்கிறார். நம் வீட்டுப் பூனையின் கிண்ணத்தை அளந்து வைக்கும்போது இந்த இரண்டு வாக்கியங்களும் நம் நினைவில் இருக்கட்டும். ஒன்று, கிண்ணம் வெறுமையாய் இராதபடி காக்கும். மற்றது, அடுத்த வீட்டு அடுப்பை நாம் மறந்துவிடாதபடி காக்கும்.