அடுப்பும் தேர்வும்

காட்டுப்பாக்கத்து வீட்டைப் புதுப்பிக்கிறேன். சமையலறைக்கு நான்கு பர்னர், கண்ணாடித் தகடு, தானே பற்றிக்கொள்ளும் உயர்ந்த ரக அடுப்பு. மூன்று வாரம் விலைப்பட்டியல்களில் கழிந்தது. ரசனை என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன்.

2007இல் தொடங்கி கருணாநிதி அரசு ஏழை வீடுகளுக்கு இலவசமாகத் தந்த அடுப்பிலும் எரிந்தது இதே 14.2 கிலோ சிலிண்டர்தான். ஜ்வாலைக்கு அந்தஸ்து கிடையாது. நான் தேர்ந்தது, வந்து பார்ப்பவர்களின் கண்களை.

நாற்பது வருஷம் அடுப்படியில் நின்ற அம்மா ஒன்றுதான் கேட்டாள்: "இட்லிக் குண்டான் ஆடாம நிக்குமா?" எனக்குத் தெரியவில்லை.

சமைக்காதவன் செய்யும் தேர்வு சுதந்திரமல்ல. இன்னொருத்தியின் உழைப்பின்மீது அவளைக் கேளாமல் செலுத்தும் அதிகாரம். பட்டியலை அவளிடமே கொடுத்தேன். பிரிக்காமல் மடித்துத் திருப்பித் தந்தாள்: "உனக்குப் பிடிச்சதை வாங்குப்பா."

பறித்ததைத் திருப்பித் தருவதும் அவ்வளவு சுலபமில்லை.