கடைமடைக்கும் ஒரு முறை

கும்பகோணத்தை அடுத்த ஒரு சிற்றூருக்கு, தலைப்பிள்ளை பெற்ற உறவுப் பெண்ணைக் காணச் சென்றிருந்தோம். தாய்வீட்டிலிருந்து மூன்றாம் மாதத்தில் கணவன் வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். எங்கள் பையில் குழந்தைக்குச் சட்டை, சோப்பு, பவுடர், கிலுகிலுப்பை எல்லாம் இருந்தன. தூளியை விலக்கிப் பார்த்தோம். மூக்கு யாருடையது, நெற்றி யாருடையது என்று பேசிக்கொண்டோம். பால் போதுகிறதா, இரவில் உறங்குகிறானா என்று கேட்டோம்.

உட்காருவதற்கு இடம் செய்ய அவள் பாயை ஒதுக்கியபோது, அதனடியிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொருள் சரிந்து விழுந்தது. பூத்தையல் போடும் மரவளையம். அதில் பாதி முடிந்த ஒரு தாமரை. அவள் முகம் வெளிறிவிட்டது.

“சும்மாதான் சித்தி... அவன் தூங்கும்போது ஒரு பத்து நிமிஷம். அத்தைகிட்ட சொல்லிடாதீங்க.”

நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொற்கள் எங்களோடு ஊர் திரும்பின. பத்து நிமிடத்தை ஒரு பெண் களவுப் பொருள் போல ஒளித்து வைக்க வேண்டுமா? அது களவு என்றால், யாரிடமிருந்து களவாடப்பட்டது? குழந்தையிடமிருந்தா, நம்மிடமிருந்தா?

பிள்ளை பெற்றவளின் உடலைப் பேணுவதில் நம் முன்னோர் குறை வைக்கவில்லை. தாய்வீட்டு ஓய்வு, பத்தியச் சோறு, பூண்டு, சுக்கு, எண்ணெய்க் குளியல் என்று ஒவ்வொன்றையும் முறையாக வகுத்தனர். கைக்கு உதவும் கருவிகளும் இருந்தன. பழைய பருத்திச் சேலையில் கட்டிய தூளியை அவ்வப்போது காலால் உந்திவிட்டால் இரண்டு கைகளும் விடுபடும். மருந்து புகட்டப் பாலாடையும், நடை பழக்க நடைவண்டியும் இருந்தன. அரசும் தன் பங்கைச் செய்தது. 2011-இல் தமிழ்நாட்டில் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டம் தொடங்கிற்று. 2015-இல் அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்காகப் பதினாறு பொருள்கள் அடங்கிய பரிசுப் பெட்டகம் அறிமுகமானது. அவற்றுள் தாய்க்கென்று இருந்தவை குளியல் சோப்பு, கை கழுவும் திரவம், சுண்டி லேகியம் ஆகியவை. அனைத்தும் பயனுள்ளவையே, குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆனால் தாயின் உடலுக்கு என்ன வேண்டும் என்று எண்ணிப் பார்த்த நாம், அவள் மனத்திற்கு என்ன வேண்டும் என்று கேட்டதுண்டா?

கருவி நேரத்தை மிச்சப்படுத்தும் என்கிறோம். ஆட்டுக்கல்லின் முன் அமர்ந்து மாவாட்டிய நேரத்தைக் கிரைண்டர் மீட்டுத் தந்தது உண்மையே. மீட்ட நேரம் எங்கே போயிற்று? வந்தவர்களுக்குக் காபி, ஊறவைத்த துணி, மாமனாரின் மருந்து என்று வேறு வேலைகள் அதை நிரப்பிவிட்டன. கருவி கையைத்தான் விடுவிக்கும். நேரத்தை விடுவிக்க மனிதர் வேண்டும்.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். தாய்மை என்பதே தியாகம் அன்றோ? தன்னை மறந்து பிள்ளையை வளர்ப்பவளன்றோ தாய்? இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. மூன்று மாதக் குழந்தைக்குத் தாய் முழுமையாகத் தேவை. அளந்து கொடுப்பது அன்பாகாது. ஆயினும், தியாகம் என்பது ஒருவர் தாமே கொடுப்பது. பிறர் எடுத்துக்கொள்வதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. அவளைத் தியாகி என்று நாம் புகழும் வேளைகளில், நம் பங்கு வேலையிலிருந்து மெல்ல நழுவிக்கொள்கிறோமோ என்று நம்மை நாமே கேட்டுப் பார்க்க வேண்டும்.

லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை நினைவுகூர்வோம். இடையர்கள் வந்து குழந்தையைக் கண்டு, கேட்டவற்றை எல்லாம் சொல்கிறார்கள், கேட்டோர் வியக்கிறார்கள். அந்தச் சலசலப்பின் நடுவே அன்னை மரியா எல்லாவற்றையும் தம் உள்ளத்தில் இருத்திச் சிந்தித்தார் என்று நற்செய்தியாளர் குறிக்கத் தவறவில்லை. கைக்குழந்தையுடன் இருந்த தாய்க்கும் தமக்கென ஓர் உள்ளம் இருந்தது. அதில் பிறர் அறியாத ஓர் உழைப்பும் நடந்தது.

இன்னொரு தாயையும் நாம் அறிவோம். குழந்தை இயேசுவின் புனித தெரேசாவைப் பெற்ற செலி மார்ட்டின், பிரான்சு நாட்டு அலென்சோன் நகரில் ஊசியால் நுண்சரிகை பின்னும் கலையில் தேர்ந்தவர். ஒன்பது குழந்தைகளைப் பெற்றார். நால்வரை இளமையிலேயே இழந்தார். அத்தனை துயரிலும் ஊசி அவர் கையை விட்டு நீங்கவில்லை. அவருக்கு அது பொழுதுபோக்கன்று, தொழில் என்பது உண்மையே. நாம் கவனிக்க வேண்டியது அவருடைய கணவரை. கடிகாரத் தொழிலர் லூயி மார்ட்டின் 1870-இல் தம் கடையை உறவினருக்கு விற்றுவிட்டு, மனைவியின் தொழிலுக்குத் துணை நின்றார். 2015 அக்டோபர் 18 அன்று திருச்சபை அவ்விருவரையும் ஒருசேரப் புனிதராக உயர்த்தியது. அந்த ஊசி நிற்காமல் ஓடியதில் அருகிலிருந்தவர் விட்டுக்கொடுத்ததற்கும் பங்கு உண்டு.

‘இது வசதி படைத்தோர் கவலை, நடவு வயலில் நிற்பவளுக்குப் பூத்தையலா?’ என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2017-இல் பேறுகால ஊதிய விடுப்பு 26 வாரங்களாக உயர்த்தப்பட்டது; நாற்று நடும் கூலிப்பெண்ணுக்கு அது எட்டவில்லை. ஆனால் வரப்போர மரக்கிளையில் தூளி கட்டிய அந்தத் தாய்தான் தாலாட்டை வளர்த்தாள். தாலாட்டு பிள்ளைக்கு மட்டும் உரியதா? அதில் அவளுடைய அண்ணன் தம்பி வருவர், பிறந்த ஊர் வரும், யாரிடமும் சொல்ல முடியாத மனக்குறையும் வரும். கைகள் ஓயாதபோதும் தனக்கென ஒன்றை அவள் படைத்துக்கொண்டாள். ஆகவே இது வசதியால் வரும் ஆசையன்று; மனிதராய் இருப்பதன் தேவை.

காவிரிப் படுகையில் வாழும் நமக்குக் கடைமடையைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேட்டூரில் அணை திறந்தாலும், வாய்க்காலின் கடைசி வயலுக்கு மற்றவை குடித்த மிச்சமே வந்து சேரும். அதனால்தான் தண்ணீர் குறைந்த காலத்தில் முறை வைத்துப் பாய்ச்சுகிறோம். தலைமடைக்காரர் தம் மடையை அடைத்தாலன்றிக் கடைமடை நனையாது. வீட்டின் நேரமும் அப்படித்தான். எல்லாருக்கும் பாய்ந்த பின் எஞ்சுவதே தாய்க்கு என்றால், அவளுக்கு ஒருநாளும் எஞ்சாது. வறண்ட வயலைப் பொறுமைசாலி என்று புகழ்ந்து பயனில்லை. மடையைத் திறக்க வேண்டும்.

அடுத்த மாதம் மீண்டும் அவ்வீட்டுக்குச் சென்றோம். இம்முறை பையில் நான்கு நிறத்தில் நூல்கண்டுகள். “இது யாருக்கு?” என்று மாமியார் கேட்டார். “உங்க மருமகளுக்குத்தான். நல்லாப் பூப்போடுவாளாமே” என்றோம். அவர் நூலைக் கையில் எடுத்துச் சற்று நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நானும் கல்யாணத்துக்கு முன்னாடி ஒயர் கூடை பின்னுவேன். எங்க தெருவுல பாதிப் பேரு கையில என் கூடைதான். இவன் பொறந்தப்ப விட்டது.”

எத்தனை ஆண்டு என்று நாங்கள் கேட்கவில்லை. அவர் எழுந்து சென்று, சிணுங்கத் தொடங்கிய பேரனைத் தூளியிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“நான் பாத்துக்கறேன். நீ போய் அந்த வளையத்தை எடுத்துட்டு வா, பார்க்கலாம்” என்றார்.