மோட்டர் எத்தனை மணிக்குப் போடுவது?

யாழ்ப்பாணத் தீவுப்பகுதி அல்லைப்பிட்டியில் வாடகைக்கு இருக்கும் குடும்பத்திடம் நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டுச் சொந்தக்காரர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். திருவிழா இருபத்தைந்து நாள். முன்னும் பின்னும் சேர்த்தால் ஒன்றரை மாதத் தங்கல். அவர்களிடம் வீட்டு நடைமுறைகளைச் சொல்லலாமா, சொன்னால் மரியாதைக் குறைவா? வந்த அன்றே காரணத்தோடு சொல்லிவிடுவதுதான் மரியாதை என்பது என் கட்சி.

தண்ணீரையே எடுப்போம். குடாநாட்டிலும் தீவுகளிலும் நல்ல தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள்ளும் மணலுக்குள்ளும் உப்புநீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும். நல்லூர்க் காலமோ ஆடி, ஆவணிக் கோடை. மாரி தொடங்க இன்னும் இரண்டு மாதம் கிடக்கும். இதெல்லாம் ஊர் ஆட்களுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். 1990 இல் போரால் தீவை விட்டுப் போனவருக்குத் துலாக் கிணறு நினைவிருக்கும். கைநோக இறைத்த காலத்தில் கையே அளவைச் சொன்னது. மோட்டர் ஆழியைத் தட்டிவிட்டுத் தாங்கி நிரம்பி வழியும்வரை மறந்துவிடும் வசதி அப்போது இல்லை. அவர் பிள்ளைகளுக்கோ குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், அவ்வளவுதான். மின்சாரமும் அப்படியே: அலகு கூடக் கூட அடுத்த படிக்குரிய கூடிய கட்டணம் விழும்; குளிரூட்டி பூட்டிய வீடென்றால் சொல்லவே வேண்டாம்.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் போரால் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாதையால் நகர்ந்தபோது, தென்மராட்சி வீடுகள் கணக்குப் பாராமல் கதவு திறந்தன; இப்போது மோட்டருக்கு நேரம் சொல்வதா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஒரு கிணற்றையும் ஒரு கழிப்பறையையும் பல குடும்பங்கள் பாவித்த அந்த வீடுகளில் முறை வைக்காமல் ஒரு நாள் ஓடியிருக்காது. அப்போது தட்டுப்பாடு எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. திருவிழா விருந்தாளிக்கு அது தெரியாது. ஆகவே இன்றுதான் வாய்திறந்து சொல்லும் தேவை கூட.

வாடகை வீட்டில் இன்னொரு சிக்கல். 'மச்சம் சமைக்கக் கூடாது' என்று சொல்லியே சில சைவ வீட்டுக்காரர் வீடு தருவார்கள். தீவுக்கு வந்து நண்டு கேட்காத விருந்தாளி யார்? விருந்தாளி ஆசையில் கொடுக்கும் காசும் யோசித்து வாங்க வேண்டியது. வீட்டுக்காரரின் எழுத்துமூலச் சம்மதமில்லாமல் கீழ்வாடகைக்கு விடுவதை, 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் பொருந்தும் வீடுகளில் அச்சட்டம் தடுக்கிறது. சாமான் செலவில் பங்கெடுப்பது வேறு, மாதக் கணக்கில் அறைக்குக் காசு கொடுப்பது வேறு.

சொல்வது யார் என்பதில்தான் நம் வீடுகள் பெரும்பாலும் பிழை விடுகின்றன. கணவனின் தமையன் குடும்பம் வந்தால் கணவன் வாய் திறக்கமாட்டான். நாலாம் கிழமை மனைவி பொறுக்காமல் சொல்லி, கெட்ட பெயரும் வாங்குவாள். யாருடைய ஆட்களோ அவரே, பெட்டி இறக்கிய அன்றே சொல்லட்டும்: "அண்ணை, கோடையில தண்ணி உவர்க்கும், காலமை அரை மணித்தியாலம்தான் மோட்டர் போடுறனாங்கள். வீட்டுக்காரர் சைவம், நண்டுக் கறிக்கு யாழ்ப்பாணம் போவம்."