வளைந்த பாதமும் வினையும்

ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு குழந்தை பாதம் உட்புறம் வளைந்து பிறக்கிறது. தமிழ்நாட்டில் பல வீடுகளில் அப்போது எழும் முதல் கேள்வி மருத்துவம் பற்றியதன்று: யார் செய்த பாவம்? கர்ப்பகாலத்தில் கிரகணத்தின்போது வெளியே வந்தாளா என்று தாயைத் துருவுவோரும் உண்டு.

இக்கேள்வியின் பின்னே நிற்பது ஊழ் பற்றிய எண்ணம். திருக்குறளின் 38ஆம் அதிகாரம் ஊழைப் பேசுகிறது. 62ஆம் அதிகாரம் ஆள்வினையை, அதாவது விடாமுயற்சியை. முரணாகத் தோன்றும். ஊழ் 'ஏன்' என்பதற்கும் ஆள்வினை 'இனி என்ன' என்பதற்கும் விடை எனக் கொண்டால் முரண் தளரும். குழந்தைகளுக்கான இயன்முறை மருத்துவர் நிற்பது இரண்டாம் கேள்வியின் பக்கம்.

அமெரிக்காவின் ஐயோவாவில் இக்னேசியோ பொன்செட்டி வகுத்த முறையில், வாரந்தோறும் மாவுக்கட்டு மாற்றிச் சில வாரங்களில் பாதம் நேராக்கப்படுகிறது. பெரும்பாலோருக்குக் குதிகால் தசைநாணில் சிறு வெட்டும் தேவைப்படும். பிறகு கம்பி பூட்டிய காலணி: மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம், அதன்பின் நான்கு வயதுவரை உறக்கத்தின்போது. கடினமான பகுதி இதுதான்; இது நிகழ்வது வீட்டில். குழந்தை அழுதால் கழற்றத் தோன்றும். கழற்றினால் பாதம் மீண்டும் வளையக்கூடும். குற்றவுணர்வில் உழலும் தாய்க்கு அந்த அழுகை தண்டனையாகவே கேட்கும். ஆகவே காலணி பூட்டவும் தோல் சிவப்பைக் கவனிக்கவும் கற்பிக்கும்போதே, இது அவளால் வந்ததல்ல என்பதை மாமியாரும் கேட்கும்படி இயன்முறை மருத்துவர் சொல்லவேண்டியிருக்கிறது.